லுங்கி இடுப்பில் செருகிய விலையுயர்ந்த ஃபோன்: கவரும் திரைக் காப்பும் தேர்ந்தது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரங்கூன் பயின்னௌங் மொத்தச் சந்தையில் உளுந்து, பாசிப்பயறு, துவரைக்குத் தரகு பார்க்கும் பெரியவர் ஒருவரின் ஃபோனைப் பற்றியது இது. வயது அறுபதுக்கு மேல். குடும்பம் மூன்று தலைமுறையாக பர்மாவில் இருக்கிறது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். 2023 நடுவில் விடுமுறைக்கு வந்த மகன் அப்பாவுக்காக சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா வாங்கி வந்தார். நகர மையத்தில் நான் வேலை செய்யும் பழுதுபார்க்கும் கடைக்கு அந்த ஃபோன் பலமுறை வந்து போனது. அதனால் நடந்ததை முதலிலிருந்து பார்க்க முடிந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி எழுதுகிறேன்.

பெரியவருக்கு ஃபோன்தான் கடை. வைபர் என்ற செய்திச் செயலியில் விலை வரும், விலை போகும். குத்தூசியால் சாக்கைக் குத்தி எடுத்த பயறை உள்ளங்கையில் பரப்பி, கிட்டத்தில் படம் பிடித்து, சென்னைக்கும் மும்பைக்கும் அனுப்புவார். கேபிஇசட் பேயில் பணம் அனுப்பக் கைரேகை வைப்பார். ஒரு நாளில் எத்தனை முறை அந்த ஃபோன் இடுப்புக்கும் கைக்கும் போய் வருகிறது என்று அவரிடமே கேட்டால் சிரிப்பார்.

இடுப்பு என்றதைக் கவனிக்க வேண்டும். இங்கே ஆண்கள் லுங்கியின் பின்பக்க மடிப்பில் பர்ஸையும் ஃபோனையும் செருகிக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது விழுந்துவிடுமே என்று பதைக்கும். இங்கே பிறந்தவர்களுக்கு வேறு இடம் தோன்றுவதே இல்லை. அவருடைய பழைய ஃபோனுக்கு முதுகு பிளாஸ்டிக், எடையும் குறைவு; எத்தனையோ முறை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. புதியது 234 கிராம். 6.8 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் வளைந்த விளிம்பு, முன்னும் பின்னும் கண்ணாடி.

தயாரிப்பாளரின் வழக்கமான உத்தரவாதம் விழுந்து உடைவதற்குப் பொருந்தாது. அசல் டிஸ்ப்ளே வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று அரசு நிர்ணயித்தது. ஆனால் உதிரிப்பாகம் வாங்கும்போது நாங்கள் கொடுப்பது அதைவிட அதிகமான வெளிச்சந்தை விலை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் பெரியவர் கவர் விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

முதல் ஏற்பாடு

மகன் ஃபோனோடு சேர்த்தே இரண்டு பொருள் வாங்கியிருந்தார். ஒன்று, பாலிகார்பனேட்டில் செய்த மெல்லிய, கெட்டியான ஒளி ஊடுருவும் பேக் கவர். மற்றது, வளைந்த திரைக்கான டெம்பர் கிளாஸ். நான்கு ஓரத்தில் மட்டும் பசை உள்ள வகை. கவர் பெட்டியில் 'ராணுவத் தரம்', கண்ணாடிப் பெட்டியில் '9எச்' என்று அச்சிட்டிருந்தது. "தம்பி, ராணுவத் தரமாம். இனிமேல் கவலை இல்லைன்னு மகன் சொல்லிட்டுப் போயிட்டான்" என்று பெரியவர் பெட்டிகளையும் எடுத்துவந்து காட்டினார்.

அந்த இரண்டு வாசகங்களும் பொய் இல்லை. வாங்குகிறவர் நினைப்பதை அவை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

9எச் என்பது பென்சில் கணக்கு. பூச்சுகளின் கடினத்தைப் பார்க்க, பென்சிலைச் சாய்த்து அழுத்தி இழுப்பார்கள். 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கனிமங்களுக்கான மோஸ் அளவுகோலில் 9 என்பது குருந்தக் கல். பர்மாவின் மோகோக்கில் தோண்டும் மாணிக்கம் அந்த இனம். ஃபோன் கண்ணாடி எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மோஸ் 6 அளவில் கீறத் தொடங்கி 7-இல் ஆழமாகக் கீறுபடும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. ஆகவே பையில் உள்ள சாவியைவிட, சாக்கோடு வந்த வயல் மண்ணுக்குத்தான் இவர் பயப்பட வேண்டும்.

ராணுவத் தரம் என்பது அமெரிக்காவின் மில்-எஸ்டிடி-810 ஆவணத்தில் உள்ள விழுகைச் சோதனை. 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, முகம், விளிம்பு, மூலை என 26 முறை போடுவார்கள். விழும் தரை, பெரும்பாலும் கான்கிரீட் மேல் விரித்த 2 அங்குல ஒட்டுப்பலகை. 26 விழுகைகளை ஐந்து மாதிரிகள் வரை பிரித்துக்கொள்ளலாம். சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் இல்லை. தயாரிப்பவரே சோதித்து அச்சிட்டுக்கொள்கிறார். பயின்னௌங்கில் ஒட்டுப்பலகைத் தரையை நான் பார்த்ததில்லை.

முதல் மாதங்களில் கவனித்தவை

ஃபோன் முதலில் எங்களிடம் வந்தது உடைந்ததற்காக இல்லை. கைரேகை எடுக்கவில்லை என்ற புகாரோடு வந்தது. ஐந்து முறை வைத்தால் ஒரு முறை திறக்கும். பணம் அனுப்பும் நேரத்தில் வாங்குகிறவர் மறுமுனையில் காத்திருப்பார், இவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் சாயந்தரம் பேரனைக் கூப்பிட்டு ரகசிய எண்ணைப் போடச் சொல்லும் நிலை.

காரணம் தெளிவானது. இந்த மாடலில் திரைக்கு அடியில் இருப்பது ஒலியலை மூலம் ரேகை படிக்கும் சென்சார். ஓரத்தில் மட்டும் ஒட்டிய கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் நிற்கிறது. ஒலியலை காற்றில் மோதியதும் திரும்பிவிடும். ஆஸ்பத்திரியில் வயிற்று ஸ்கேனுக்கு முன் ஜெல் தடவுவது அந்தக் காற்றை விலக்கத்தான். அதே இடைவெளியால் ஓரங்களில் தொடுதலும் மந்தமாயிருந்தது. வைபரில் விரலை இழுக்கும்போது பாதியில் நின்றுவிடும்.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. கவரைக் கழற்றியபோது ஃபோனின் முதுகில், கீழ் மூலைகள் இரண்டிலும், பிறை வடிவில் சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. கெட்டிக் கவர் உடம்போடு ஒட்டி இறுகாது. நடக்க நடக்க மயிரிழை அளவுக்கு அசையும். நடுவே சிக்கிய மண் உப்புத்தாள் வேலை செய்கிறது. கவரைக் கழற்றிப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

மற்றது தனகா, இங்கே முகத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து. வீட்டம்மா கன்னத்தில் தனகா பூசிக்கொண்டு இதே ஃபோனில்தான் சிங்கப்பூரில் உள்ள மகனோடு பேசுவார். காய்ந்த மரப்பட்டைத் தூள் உதிர்ந்து, பேசும்போது காதுக்கு வரும் ஒலிக்காகக் கண்ணாடியில் விட்டிருந்த வெட்டில் தங்கி, மஞ்சள் கோடாக இறுகியிருந்தது. "சத்தம் குறைஞ்சு போச்சு, ஸ்பீக்கர் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்கள். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்ததும் சத்தம் வந்துவிட்டது.

முதல் விழுகை

மழைக்காலம். சைக்கா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது பின் இடுப்பிலிருந்து ஃபோன் நழுவித் தார்ச் சாலையில் விழுந்தது. டெம்பர் கிளாஸின் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் குறுக்கே ஓடியது. அடியில் திரைக்கு ஒன்றும் இல்லை.

குடும்பம் முழுக்க ஒரே பேச்சு: கண்ணாடி தன்னைக் கொடுத்து ஃபோனைக் காப்பாற்றிவிட்டது. கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேராவது இப்படித்தான் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டுக் கண்ணாடி மெல்லியது. வளைத்துச் செய்த ஓரங்களில் அது இன்னும் பலவீனம். அடியிலுள்ள ஃபோனின் சொந்தக் கண்ணாடியான கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2 தாங்கக்கூடிய அடிக்கும் மேலே உள்ளது உடையும். மேலே உள்ளது உடைந்ததால், கீழே உள்ளதும் உடைந்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. கூரான கல் நேராகக் குத்தியிருந்தால் கதை வேறு. இங்கே அடி மூலையில் பட்டிருந்தது. மூலையில் விழும் அடியைத் திரைமேல் ஒட்டிய எதுவும் பெரிதாகத் தடுக்காது. அதைத் தாங்க வேண்டியது கவர்.

அன்றே கவரை மாற்றச் சொன்னோம். பெரியவர் கேட்கவில்லை. உடைந்த கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, "மகன் அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்" என்று வெறும் திரையோடு எடுத்துப் போனார். கைரேகை உடனே வேலை செய்ததில் அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

இரண்டாம் விழுகை

இந்த முறை சட்டைப் பையிலிருந்து. இடுப்பிலிருந்து விழுந்ததால் பைக்கு மாறியிருந்தார். குத்தூசியை வைத்துச் சாக்கின் மேல் குனிந்தபோது, 234 கிராமும் தலைகீழாகச் சரிந்து சிமெண்டுத் தரையில் கீழ் மூலையாக விழுந்தது. கெட்டிக் கவர் அந்த மூலையில் சில்லாகத் தெறித்தது. முதுகுக் கண்ணாடியில் நட்சத்திரம் போல விரிசல். முன்திரை தப்பியது.

இந்த ஃபோன் ஐபி68 தரம், அதாவது 1.5 மீட்டர் நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. முதுகுக் கண்ணாடி உடைந்த கணமே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. புதுக் கண்ணாடி போட்டோம், பசையும் புதிதாக வைத்தோம். ஆனால் தொழிற்சாலையில் செய்வது போல அடைப்பைச் சோதித்துச் சொல்லும் வசதி எங்களிடம் இல்லை. "இனி இதை நனையாத ஃபோன் என்று நினைக்காதீர்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தோம். அவரும் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மகன் வீடியோ அழைப்பில் இருக்க, பெரியவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, இந்த முறை பேச்சை வேறு இடத்தில் தொடங்கினோம். எந்தக் கவர் நல்லது என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஃபோன் எங்கிருந்து, எப்படி, எதன்மேல் விழுகிறது என்று கேட்டோம். விடை ஏற்கெனவே தெரிந்ததுதான்: இடுப்பிலிருந்தோ மார்பிலிருந்தோ, மூலையாக, சிமெண்டு அல்லது தார் மேல். கைநழுவல் அவருக்குக் குறைவு.

கவருக்கு டிபியு என்ற வளையும் ரப்பர் போன்ற பொருளைத் தேர்ந்தோம். நான்கு மூலையிலும் காற்றறை வைத்துத் தடித்த வகை. அடி விழும்போது மூலை அமுங்கிக் கொடுத்தால், ஃபோன் நிற்கும் நேரம் சற்று நீள்கிறது, கண்ணாடியைச் சேரும் விசை குறைகிறது. அது உடம்போடு இறுகிப் பிடிப்பதால் மண் நுழைவதும் குறைவு. திரையைவிடவும் கேமராவைவிடவும் கவரின் வரம்பு உயர்ந்து நிற்கிறதா என்று, மேசைமேல் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒரு தாளை இழுத்துப் பார்த்தோம். வளைந்த திரையின் இரு பக்கத்திலும் வரம்பு தாழ்வாகத்தான் இருக்கும்; உயர்த்தினால் ஓரத்தில் விரல் இழுபடாது. அதை ஏற்றுக்கொண்டோம். சரளைக் கல் மேல் விழுந்தால் எந்த வரம்பும் உதவாது என்பதையும் சொன்னோம்.

டைரி போல மூடும் ஃபிளிப் கவர்தான் பெரியவருக்கு ஆசை. மரியாதையாகத் தெரிகிறதாம். ஒரு கையில் குத்தூசியோ பயறோ இருக்கும்போது மறு கையால் மூடியைத் திறந்து, பின்னால் மடித்து, படமும் எடுப்பது நடக்காது. அதன் காந்தப் பூட்டு, ஃபோனுக்குள் செருகி வரும் பேனாவையும் திசைகாட்டியையும் குழப்பக்கூடும். பேனாவை அவர் இன்றுவரை வெளியே எடுத்ததில்லை என்பதால் அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. முதல் காரணமே போதும்.

திரைக்கு மூன்று வழி இருந்தது. பழையபடி ஓரப் பசைக் கண்ணாடி: கைரேகை போகும், வேண்டாம். யுவி கண்ணாடி: திரை முழுக்க நீர்ப் பசையை ஊற்றி, கண்ணாடியை வைத்து, விளக்கொளியில் இறுக வைப்பது. காற்று இருக்காது, நன்றாக ஒட்டினால் கைரேகையும் எடுக்கும். ஆனால் இறுகுமுன் பசை வழிந்து காதொலித் துளைக்குள்ளோ பக்கப் பொத்தானுக்குள்ளோ இறங்கினால் அதை எடுப்பது பெரும்பாடு. அப்படி இறங்கி வந்த ஃபோன்களை எங்கள் மேசையிலேயே பார்த்திருக்கிறோம். ஒருமுறை திறந்து மூடிய ஃபோனுக்குள் பசை எங்கே கசியும் என்று யார் சொல்வது? விட்டோம்.

மூன்றாவது, மெல்லிய டிபியு ஃபிலிம். மாடல் பெயரைக் கொடுத்தால் கடையிலுள்ள இயந்திரம் தாளிலிருந்து வெட்டித் தரும். திரையோடு முழுக்க ஒட்டிக்கொள்வதால் கைரேகை படிகிறது. வளைவிலும் பணிந்து உட்காரும். அடியை அது தாங்காது, அந்த வேலையை அதனிடம் எதிர்பார்க்கவும் இல்லை. மண் கீறலைத் தான் வாங்கிக்கொண்டால் போதும். கண்ணாடி போல வழவழப்பு இருக்காது, பக்கவாட்டில் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போலத் தெரியும். பெரியவருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஃபிலிம் ஒட்டிய பிறகு பழைய ரேகைகளை அழித்துப் புதிதாகப் பதிந்தோம், அமைப்பில் தொடு உணர்திறனைக் கூட்டினோம். முதல் முயற்சியிலேயே கேபிஇசட் பே திறந்ததும் ஆரஞ்சுத் தோல் மறந்துபோனது.

கடைசியாக, கழுத்துக் கயிறு. இதுதான் அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியது. தோளில் தொங்கவிடும் ஷான் துணிப் பையில் வைக்கலாம் என்று வீட்டம்மா சொன்னார். சந்தை இரைச்சலில் பைக்குள் அடிக்கும் ஃபோன் கேட்காது என்று பெரியவர் மறுத்தார். கயிறு என்றால் "பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கழுத்தில் மாட்டிக்கிட்டுத் திரியணுமா?" என்றார். மகன்தான், "அப்பா, பைக்குள்ளேயே வையுங்க. கயிறு சட்டைக்குள்ளே போகட்டும்" என்று வழி சொன்னார். கவருக்கும் ஃபோனுக்கும் நடுவே மெல்லிய தகடு போல ஒன்றை வைத்து, சார்ஜர் துளை வழியாக வளையத்தை வெளியே எடுக்கும் வகை. கவர் தளர்வாக இருந்தால் கயிறு இழுக்கும்போது கவரே கழன்று ஃபோன் தனியாக விழும். இறுகிப் பிடிக்கும் டிபியு கவரைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதன் பின்

கயிறு ஒருமுறை வேலை செய்தது. சாக்கின் மேல் குனிந்தபோது ஃபோன் பையிலிருந்து சரிந்து, தரைக்குப் போகாமல் ஊசலாடித் தராசின் இரும்பு விளிம்பில் இடித்தது. கவரின் மூலையில் நகம் பதிந்தாற்போல ஒரு தழும்பு. கழற்றிப் பார்த்தோம்; உள்ளே கண்ணாடியும் சட்டமும் சுத்தம்.

2024 ஏப்ரல், திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில் வருவதால் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. தெருவில் இறங்கினால் தண்ணீர் படாமலும் வர முடியாது. அந்த நாட்களில் எல்லோர் கழுத்திலும் தொங்கும் பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றை இவரும் வாங்கினார். ஃபோன் வைப்பதற்கு முன் உள்ளே காய்ந்த டிஷ்யூவை மட்டும் வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைக்கச் சொன்னோம். முதலில் வாங்கியதில் டிஷ்யூ ஒரு மூலையில் நனைந்திருந்தது. பூட்டுப் பட்டையில் ஒட்டியிருந்த நூலிழைதான் காரணம். இரண்டாவது உறை தேறியது. உறைக்குள் கைரேகை எடுக்காது என்பதால் எண் மூலம் திறக்கப் பழகிக்கொண்டார். ஈரக் காற்றோடு பூட்டியதால் வெயிலில் உள்ளே ஆவி படிந்து படங்கள் மங்கலாக வந்தன; நிழலுக்குப் போனதும் உறையிலிருந்து எடுத்துவிடுவார்.

அந்தக் கோடையில் மின்வெட்டு கடுமை. கரண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் வேகமாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். தடித்த கவருக்குள் ஃபோன் சூடேறி, வேகம் தானாகக் குறைந்தது. சார்ஜ் ஏறும்போது கவரைக் கழற்றி ஃபோனைத் தரை ஓட்டின்மேல் வைக்கிறார். கவர் வாரத்துக்கு ஒருமுறை சுத்தமாவது இதனால்தான், ஒழுக்கத்தால் இல்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஃபிலிமை மாற்ற வந்தார். டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்தபோது, கட்டை விரல் ஓடும் பாதை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கீழ் ஓரத்தில் ஒரே ஒரு ஆழமான வெட்டு. நகத்தை ஓட்டினால் தடுக்கியது. ஃபிலிமை உரித்து, திரையை அதே ஒளியில் அதே கோணத்தில் பிடித்தோம். அந்த வெட்டுக்கு நேர்கீழே உட்பட எங்கும் கோடு இல்லை. டிபியு கவர் மட்டும் வெயிலில் மஞ்சளித்து, தேநீர் ஊறிய நிறத்துக்கு வந்திருந்தது. அது காப்பைக் கெடுக்காது, ஆனால் மூலைகள் முன்பைவிட இறுகிப்போயிருந்ததால் கவரையும் மாற்றினோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கவரும் ஃபிலிமும் ஒரே நாளில், ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். சிங்கப்பூரில் தனித்தனியாக வாங்கியவற்றில் கவரின் வரம்பு கண்ணாடியின் ஓரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. கடையை விட்டுக் கிளம்பும் முன் கைரேகையைப் புதிதாகப் பதிந்து, பணம் அனுப்பும் செயலியை நாலைந்து தடவை திறந்து பார்ப்பதை இப்போது எல்லா வாடிக்கையாளருக்கும் செய்கிறோம்.

முதல் விழுகைக்குப் பிறகு வெறுமனே கண்ணாடியை எடுத்துக் கொடுத்தனுப்பாமல், கடையில் இருந்த ஏதாவது ஒரு டிபியு கவரையாவது அன்றைக்கு மாட்டி அனுப்பியிருக்கலாம் என்று மகன் பின்னால் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அதற்குப் பிறகு, பாதி வேலையோடு போகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பச் சில கவர்களை இரவலாக வைத்திருக்கிறோம். திரும்பி வருவது பாதிதான்.

அடுத்த ஃபோன் வாங்கினால் தட்டைத் திரை உள்ளதாக வாங்கச் சொல்லியிருக்கிறோம். 2024 ஜனவரியில் வந்த எஸ்24 அல்ட்ராவிலேயே வளைவு போய்விட்டது. வரம்பு உயர்ந்த கவரும் திரைக் காப்பும் அதற்குத் தாராளமாகப் பொருந்தும். அதன் கண்ணாடிக்கு வெளிச்சம் பிரதிபலிக்காத தன்மை உண்டு, மேலே எதை ஒட்டினாலும் அது குறையும் என்று மகனுக்கு விளக்கியாயிற்று. பெரியவர் அவசரப்படவில்லை. இப்போதைக்கு அவர் கேட்பது சட்டை நிறத்துக்குப் பொருந்தும் கயிறு ஒன்று.